லாபம் அஞ்சு, ரெண்டு பத்து

“…சரி, புள்ளைகளைப் பூண்டுப் பாத்தியில தாண்டவிட்டு ரெண்டு, நாலு, ஆறுன்னு சொல்லிக் குடுத்துட்டீங்க. நாளைக்கு நாலாம் வாய்ப்பாட்டுக்கு என்ன, மாட்டை அவுத்து விடப்போறீங்களா டீச்சரம்மா?”

பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று இப்படிக் கேட்டவர் என் பெரியப்பா, அப்பாவுக்கு அண்ணன். கையில் வேரோடு மிதிபட்ட ஒரு பூண்டுச் செடி. குற்றவாளியைக் காதைப் பிடித்துத் தூக்கி வந்தவர் மாதிரி அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு உள்ளே, கையில் சாக்குக்கட்டியோடு என் சித்தி, அம்மாவின் தங்கை. இரண்டு பேருக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தோம் நாங்கள் இருபது பேர். குற்றம் செய்த கால்கள் அத்தனையும் சம்மணத்துக்குள் ஒளிந்திருந்தன.

பெரியப்பா எதைச் சொன்னாலும் ஜன்னலில் நின்றுதான் சொல்வார். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். கூட்டத்தையும் வாசலுக்கு வெளியே நின்றே நடத்திவிடுவார். ‘உள்ளே வாங்க’ என்றால், “பூட்ஸுல சேறு கெடக்கு” என்பார். மலையில் பூட்ஸில் சேறு இல்லாத நாள் ஏது?

எங்கள் ஊர் பூம்பாறையைத் தாண்டி, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டிய ஊர். நிலமெல்லாம் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு கல்கட்டு, கல்கட்டுக்கு மேல் ஒரு பாத்தி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இறங்குகிற படிகள் பெரியப்பாவுடையவை. எண்களைத் தாண்டித் தாண்டி எண்ணுவதற்கு இதைவிட நல்ல இடம் உண்டா என்று சித்திக்குத் தோன்றிவிட்டது. ஒரு படி விட்டு ஒரு படி குதிக்க வேண்டும், குதிக்கும்போது ரெண்டு, நாலு, ஆறு என்று சொல்ல வேண்டும். முதல் மூன்று பேர் ஓரமாக ஒழுங்காகத்தான் இறங்கினார்கள். நாலாவது ஆள் பெரியப்பாவின் சின்ன மகன். எனக்குத் தம்பி முறை. அவன் ஆறுக்கு அப்புறம் எண்ணை மறந்துவிட்டு வெறுமனே குதிக்க ஆரம்பித்தான். குதிப்பது நன்றாக இருந்ததால் மற்றவர்களும் எண்ணை மறந்துவிட்டார்கள். பிந்தி நட்ட பூண்டு. அப்போதுதான் நிமிர்ந்து நின்றது. திரும்பவும் படுத்துவிட்டது.

“தப்புதான் மாமா. நானே வந்து நட்டுத் தாரேன்” என்றாள் சித்தி.

“நீங்க நட வேணாம் தாயி. பாடம் நடத்துனாப் போதும்.”

சித்தி அய்யம்பாளையத்துக்காரி. என் தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ஒத்தாசைக்கு மலை ஏறி வந்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே தலைமை ஆசிரியர்தான். ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிக் கொடுத்துவிட்டு அவர் ஐந்தாம் வகுப்புக்குப் போய்த் திரும்புவதற்குள் ‘அ’ காய்ந்து, அடி வாங்கி, அழிந்திருக்கும். அதனால் பெற்றோர் கூட்டத்தில் பேசி, ஒன்று, இரண்டு வகுப்புகளுக்குச் சித்தியைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டார்கள். வைப்பதற்குக் கை தூக்கியவர் பெரியப்பாதான். அதையும் வாசலுக்கு வெளியிலிருந்தே தூக்கினார்.

அதே சமயத்தில்தான் கொடைக்கானலில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் எங்கள் ஊர்ப் பக்கம் மஞ்சள் வேன் அனுப்பப் போவதாகப் பேச்சு வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு ஆசை, பாதிப் பேருக்குப் பயம். எல்லாரும் பெரியப்பா வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர்: என்னோடு இரண்டாம் வகுப்பில் இருந்த அண்ணன், ஒன்றில் இருந்த அந்தக் குதிக்கும் தம்பி. இந்த இரண்டு பேரும் வேனில் ஏறினால் பின்னாலேயே எட்டுப் பத்துப் பேர் ஏறிவிடுவார்கள். “முன்னேர் போன வழியிலதானே பின்னேர் போகும்” என்பாள் அம்மா. அப்படிப் போய்விட்டால் மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டாவது டீச்சர் எதற்கு? சித்தி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சித்தி போய்விடுவாள் என்பது எனக்குப் பெரிய விஷயம். அவள் வீட்டில் சித்தி, பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாற்றிக் கூப்பிட்டால் இரண்டு இடத்திலும் சிரிப்பாள். என் தலையை வலிக்காமல் சீவத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அது கிடக்கட்டும், அவள் ஏன் எங்களைப் படியில் தாண்டவிட்டாள் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் வகுப்பில் ஒரு கூத்து நடந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் எதை எண்ண ஆரம்பித்தாலும் ‘ஒண்ணு’ என்று வாயைத் திறக்க மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு, நாலு. முதலில் வாயில் வருவது நல்ல சொல்லாக இருக்கட்டும் என்று ஒரு நம்பிக்கை. அதோடு, பூண்டு கட்டும்போது எங்கள் வீடுகளில் பூண்டை எண்ண மாட்டார்கள், கையை எண்ணுவார்கள். ஐந்து பூண்டு சேர்ந்தால் ஒரு கை. தண்டோடு ஐந்தைச் சேர்த்துப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினால் லாபம். அடுத்த தள்ளு ரெண்டு. பால்குடி மறந்த நாளிலிருந்து நாங்கள் கேட்டு வளர்ந்த எண்ணிக்கை இதுதான்.

சித்திக்கு இது தெரியாது. ஐந்து ஐந்தாக எண்ணக் கற்றுக்கொடுக்க வேண்டும், கையால் தொட்டுச் செய்தால் பிள்ளைகளுக்கு ஏறும் என்று ஒரு கூடைப் பூண்டோடு வந்தாள். எங்களுக்கு ஒரே சந்தோஷம். அஞ்சு அஞ்சாகப் பிரித்து வைக்கச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டோம். சித்தியின் முகத்தில் வெளிச்சம்.

“எண்ணுங்க பாப்போம்.”

“லாபம், ரெண்டு, மூணு, நாலு!”

“மொத்தம் எத்தனை பூண்டு?”

“நாலு!” கூரை அதிர்ந்தது.

“நாலா? ஏலே, கண்ணைத் தொறந்து பாரு. கடையில போயி நாலு பூண்டு வாங்கிட்டு வாடான்னு அம்மா சொன்னா, இத்தனையையும் அள்ளிட்டா வருவ?”

அண்ணன் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னான்: “நாங்க எதுக்கு டீச்சர் கடையில பூண்டு வாங்குறோம்?”

சித்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சரி, லாபம் வேணாம். ஒண்ணுன்னு ஆரம்பிங்க. ஒவ்வொரு பூண்டா எண்ணுங்க” என்றாள். எல்லாரும் பூண்டை விட்டுக் கையை எடுத்துக்கொண்டோம். கடைசியில் பின்பாயிலிருந்து ஒரு பெண், “ஒண்ணுன்னு எண்ணுனா வீட்டுல ஒண்ணும் தங்காது டீச்சர்” என்றாள். மழைக்கோட்டு இல்லாமல் வெளியே போகாதே என்று எச்சரிக்கிற குரல் அது.

சாயங்காலம் சித்தி அடுப்படியில் வந்து அம்மாவிடம் புலம்பினாள். “இருபது பூண்டைக் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டு நாலுன்னு சாதிக்குதுக அக்கா. இதுகளுக்குக் கணக்கே தெரியாது போல.”

அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டே, “கணக்கு தெரியாம இல்லடி. உன் கணக்கு தெரியல” என்றாள்.

அதற்கு அப்புறம்தான் பூண்டை விட்டுவிட்டுப் படியைப் பிடித்தாள் சித்தி. பூண்டு விடவில்லை, அவளைத் துரத்தி வந்து காலடியில் படுத்துக்கொண்டது.

ஜன்னலில் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்று சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். துணைக்கு நான். மேல் நிலத்துப் பூண்டு பிடுங்கி வந்திருந்தது. களத்தில் மண் வாசனையும் பூண்டு வாசனையும் சேர்ந்து மூக்கை அடைத்தன. பெரியப்பா குந்தி உட்கார்ந்து தள்ளிக்கொண்டிருந்தார். கூட நாலைந்து பெண்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கை பூண்டைப் பார்க்கவே பார்க்காது. கண் எங்கேயோ எதிர் மலையில் இருக்கும். விரல்கள் போய் ஐந்தைப் பிடித்துக்கொண்டு வரும். ஒரு தரமாவது நாலு வருமா, ஆறு வருமா என்று நானும் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

“லாபம்… ரெண்டு… மூணு… என்ன டீச்சரம்மா, இந்தப் பக்கம்?”

“பாத்தியை மிதிச்சதுக்கு வருத்தம் சொல்ல வந்தேன் மாமா.”

“வருத்தப்பட்டாப் பூண்டு நிமிந்துருமா? விடுங்க. நாலு…”

சித்தி போகவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இதுல எத்தனை பூண்டு மாமா இருக்கும்?”

“பூண்டை எவன் எண்ணுவான்? கையைத்தான் எண்ணணும். இருபது கை ஒரு கட்டு.”

“ஓ! இதைத்தான் புள்ளைக நாலுன்னு சொல்லுச்சுகளா! சரி மாமா, இதை எழுதிக் காட்டணும்னா எப்படி எழுதுவீங்க?”

பெரியப்பாவின் கை பாதியில் நின்றது. அவ்வளவு நேரமும் சும்மா படுத்திருந்த நாயைப் பார்த்து, “ச்சீ, போ அங்கிட்டு!” என்று கத்தினார். “எழுதிக்கிட்டு உக்காந்திருக்க எனக்கு நேரம் இல்ல தாயி. சோலி கெடக்கு. ஏத்தா, வெரசாக் கட்டுங்க, இருட்டப்போகுது.” இருட்ட இன்னும் நேரம் இருந்தது. நாய் என்ன தப்பு செய்தது என்று நான் அதைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒன்றையும் காணோம்.

பெரியப்பாவின் கண்ணும் ஒரு தனிரகம். எதிர்மலைச் சோலை ஓரத்தில் காட்டுமாடு தலையை நீட்டினால் ஊருக்கு முதலில் சொல்வது அவர்தான். ஆனால் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் இத்தனை பெரிய எழுத்தில் தேதி போட்டிருக்கும், அது மட்டும் தெரியாது. “இங்க வா ஆத்தா, கண்ணு மங்குது, இன்னைக்கு என்ன தேதின்னு பாரு” என்று என்னைக் கூப்பிடுவார். தூரத்தில் தெரிகிற கண்ணுக்குக் கிட்டத்தில் தெரியாது போல என்று நானும் பெருமையோடு வாசித்துச் சொல்வேன்.

திரும்பி வரும் வழியில் சித்தி தன் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நடந்தாள்.

“ஜோசியம் பாக்குறியா சித்தி?”

“ஆமாடி. நல்ல காலம் வருதாம்” என்றவள், அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அம்மாவிடம் பீட்ரூட் இருக்கிறதா என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அம்மா பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, கெட்டியாக நிற்கட்டும் என்று கொஞ்சம் கஞ்சித் தண்ணீரும் விட்டு ஒரு தூக்குவாளியில் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தின் முன்பக்கச் சுவர், தாழ்வாரம் இறங்கும் பக்கம், பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் பெரியப்பா யாரிடமும் கேட்காமல் சுண்ணாம்பு வாளியோடு வந்து தன் கையாலேயே அடித்துவிட்டுப் போவார். அந்தச் சுவருக்கு முன்னால் எங்களை வரிசையாக நிற்கவைத்தாள் சித்தி.

அண்ணன்தான் முதலில். தட்டில் ஊற்றிய சாயத்தில் வலது கையை அழுத்தி, சுவரில் அழுத்தி எடுத்தான். மூடுபனிக் குளிரில் சாயம் ஐஸ் மாதிரி இருந்ததாம், “ஊஊ” என்று கையை உதறினான். சுவரில் ஐந்து விரலும் விரித்த ஒரு சிவப்புக் கை.

“இது என்னலே?” என்றாள் சித்தி.

“லாபம்.”

“ரொம்பச் சரி. லாபத்துல எத்தனை விரலு?”

“அஞ்சு.”

கைக்குக் கீழே அடுப்புக்கரியால் பெரிதாக 5 என்று எழுதினாள். அடுத்தது நான். என் கை சின்னது, அண்ணன் கைக்குப் பக்கத்தில் குஞ்சு மாதிரி உட்கார்ந்தது.

“இது?”

“ரெண்டு.”

“ரெண்டு கையில எத்தனை விரலு?”

ஆறு, ஏழு, எட்டு என்று என் விரல்களைத் தொட்டு எண்ணிப் பத்து என்றேன். 10. மூன்றாவது கைக்கும் எண்ணினோம். நாலாவது கைக்குப் பாதிப் பேர்தான் எண்ணினார்கள். ஆறாவதோ ஏழாவதோ கை விழுந்தபோது யாரும் விரலைத் தொடவில்லை. என் வாயிலிருந்து ‘முப்பத்தஞ்சு’ தானாக வந்து விழுந்தது. மூடுபனியில் இறங்கும்போது அடுத்த படி கண்ணுக்குத் தெரியாது. இருக்கும் என்று நம்பிக் காலை வைப்போம், படி இருக்கும். அது மாதிரி இருந்தது.

லாபத்தைச் சித்தி கைவிடச் சொல்லவே இல்லை. லாபம் அஞ்சு, ரெண்டு பத்து, மூணு பதினஞ்சு, நாலு இருபது. கடைசிக் கை குதிக்கும் தம்பியுடையது. அதையும் அவன் குதித்துத்தான் வைத்தான், கொஞ்சம் உயரமாக விழுந்தது. இருபது நூறு! இருபது பேரும் சேர்ந்து கத்தியதில் தலைமை ஆசிரியரே ஐந்தாம் வகுப்பை விட்டு எழுந்து வந்து பார்த்தார். அவர் நல்லவர். எதைப் பற்றிக் கேட்டாலும் ‘பார்ப்போம்’ என்பார். அன்றும் சுவரைப் பார்த்துவிட்டு, “பார்ப்போம்” என்று சொல்லிப் போனார்.

மத்தியானம் எல்லோர் தட்டிலும் சோறு ரோஸ் கலர். அன்று சாயங்காலமே ஊரில் எண்ணாத சாமான் இல்லை. ஆட்டுக்கால்களை நாலு நாலாக எண்ணினோம். கோழிகளை ரெண்டு ரெண்டாக விரட்டினோம். மூணு மூணாக எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று தேடி, கடைசியில் எங்கள் வீட்டு அடுப்பின் மூன்று குமிழில் போய் முடிந்தது. “கண் பாத்தாக் கை செய்யும்னு சொல்லுவாக. இதுக கை பாத்துட்டுக் கண்ணு அலையுது” என்றாள் அம்மா.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நிலத்துக்குப் போகிற வழியில் பெரியப்பா சுவரைப் பார்த்தார்.

நடந்ததை முழுதாகச் சொன்னால் பெரியப்பாவுக்கு மரியாதையாக இருக்காது. சுருக்கமாகச் சொல்கிறேன். “இது என்ன, பேய் அறைஞ்ச சுவரா?” என்றுதான் ஆரம்பித்தார். “ஊரு கண்ணுக்கு வெள்ளையா இருக்கட்டும்னு நான் அடிச்சு வச்சா, கோழி அறுத்த கையைத் தொடச்ச மாதிரியில்ல வச்சிருக்கீங்க! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாக. இங்க ஏட்டையே காணோமே தாயி!”

“கணக்குதான் மாமா அது. கிட்ட வந்து பாருங்க, கீழ எழுதியிருக்கு…”

‘எழுதியிருக்கு’ என்ற சொல்லைக் கேட்டதும் கோபம் இன்னும் ஏறியது. “எழுதியிருக்கிறதை நீங்களே படிங்க. என் புள்ளைக இனிமே உக்காந்து படிக்கிற எடத்துல படிக்கட்டும். திங்கக்கிழமை வெள்ளனே வேன் வருது. சுவத்தையும் அன்னைக்கே நான் வெள்ளையடிச்சுடுறேன்.”

தலைமை ஆசிரியர் சாயங்காலம் சித்தியைக் கூப்பிட்டுப் பேசினார். அன்று அவர் ‘பார்ப்போம்’ என்று சொல்லவில்லை. அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சித்தி துணி மடித்தாள். அம்மா கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பொருமினாள். “பீட்ரூட் சாயம், ரெண்டு வெயில் ரெண்டு மழைக்குத் தாங்குமா? தானாப் போறதுக்கு இந்த ஆட்டமா? இவருக்கு எங்கியோ முள்ளு குத்தியிருக்கு, இங்க வந்து கத்துறாரு.”

“விடுக்கா. கீழ போறதுக்கு வருத்தம் இல்ல. இங்கன்னா நான் டீச்சர். அங்க போனா, இன்னும் மாப்பிள்ளை அமையாத பொண்ணு. அவ்வளவுதான்.” சித்தி ஒரு சேலையை மூன்றாவது தடவையாக மடித்தாள். அது முதல் தடவையே சரியாகத்தான் மடிந்திருந்தது.

நான் கதவோரம் நின்று கேட்டேன். “நீ போயிட்டா நூறுக்கு மேல யாரு சித்தி சொல்லிக் குடுப்பா?”

“லாபம், ரெண்டுன்னு நீயே போய்க்கிட்டே இருடி. நூறோட நிக்கணும்னு யார் சொன்னா?” என்றாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது மலையே தெரியாத பனி. பள்ளிக்கூடத்துக்கு முன்னால்தான் வேன் வந்து திரும்ப வேண்டும். அதைப் பார்க்கவே ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டோம். அண்ணனும் தம்பியும் புது ஷூவில் நின்றார்கள். தம்பிக்குக் குதிக்க முடியவில்லை, ஷூ பெரிது. கீழே போகும் முதல் பஸ்ஸுக்காகச் சித்தி பையோடு வந்தாள். பஸ் நிற்கும் இடத்துக்குப் போகாமல் தாழ்வாரத்து மூலையில் நின்றாள். பக்கத்தில் அம்மா.

பெரியப்பா எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். காய்கறிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறிச் சுவரின் மேல்பகுதியை அடித்து முடித்திருந்தார். வாளியில் சுண்ணாம்பு கரைத்த ஈர வாசனை. சுண்ணாம்பு அடிக்கிற மட்டையிலிருந்து வெள்ளைச் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அடுத்தது கைகள்தான். மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி எடுத்தார்.

அழிவதற்கு முன்னால் ஒரு தரம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் தெரியாது. ஊருக்குப் போகிறவர்களைப் பஸ் நகரும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்போமே, அப்படி.

“லாபம் அஞ்சு” என்றேன்.

“ரெண்டு பத்து” என்றான் அண்ணன். ஷூ போட்டவனும் சேர்ந்துகொண்டான் என்றதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. மூணு பதினஞ்சு, நாலு இருபது, அஞ்சு இருவத்தஞ்சு. ஒவ்வொரு எண்ணுக்கும் தம்பி ஓடிப்போய் அந்தந்தக் கையைத் தொட்டான், கீழே இருந்த கரி எழுத்தையும் தொட்டான். இருபது நூறு!

தூக்கிய மட்டை தூக்கியபடியே நின்றது. சுண்ணாம்பு அவர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது விழப்போகிறது ஏச்சு என்று நாங்கள் பின்னுக்கு நகர்ந்தோம்.

“இன்னொரு தரம் சொல்லுங்க” என்றார் சுவரைப் பார்த்தபடி.

சொன்னோம். தம்பி மறுபடியும் தொட்டுக்கொண்டே ஓடினான். பெரியப்பாவின் தலை அவன் விரல் போன பக்கமெல்லாம் திரும்பியது. எங்கே தப்பு கிடைக்கும், சித்தியை எதில் பிடிக்கலாம் என்று பார்க்கிறார் என நினைத்தேன். அதனால் நாற்பதில், நாற்பத்தஞ்சில் எல்லாம் ரொம்பக் கவனமாகச் சொன்னேன். ஒரு தப்பும் விடவில்லை.

பனிக்குள்ளிருந்து வேன் வந்தது. திரும்பியது. ஹாரன் அடித்தது. அண்ணன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தன் அப்பாவைப் பார்த்தான்.

பெரியப்பா பெட்டியை விட்டு இறங்கினார். குனிந்து, முதல் கைக்குக் கீழே இருந்த எழுத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். கண் மங்குகிறது போல என்று நினைத்தேன். ‘நான் வாசிக்கட்டுமா பெரியப்பா’ என்று கேட்க வாயைத் திறந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

ஹாரன் இன்னும் நீளமாக அடித்தது. டிரைவர் தலையை நீட்டி, “அண்ணே, புள்ளைக வருதா இல்லையா?” என்றார்.

“நீ போப்பா. இங்க சோலி நடக்குது” என்றார் பெரியப்பா, திரும்பாமலே. பிறகு எங்களிடம், “இன்னொரு தரம். மெதுவா. தண்ணி லாரி மாதிரி ஓடாம, ஒவ்வொண்ணா” என்றார்.

வேன் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றுவிட்டுப் பனிக்குள் போனது. சித்தி பையைக் கீழே வைத்தாள். அதன்மேலேயே உட்கார்ந்தும்விட்டாள். நாங்கள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தோம்.

பெரியப்பா மட்டையை வாளி விளிம்பில் வழித்து, நுனியை மட்டும் சுவரில் வைத்தார். அண்ணன் கையின் கட்டைவிரல் ஓரமாக இறங்கி, அடுத்த விரல் இடுக்கில் ஏறி, இறங்கி, கோலம் போடுகிறவள் புள்ளியைச் சுற்றுவதுபோல அந்தக் கையைச் சுற்றி வந்தார். கீழே இருந்த எழுத்தையும் சுற்றினார். கை அப்படியே சிவப்பாக இருந்தது. அதைச் சுற்றிலும் புது வெள்ளை.

சுண்ணாம்பு பத்தவில்லை போல, அதுதான் விட்டுவிட்டு அடிக்கிறார் என்று அண்ணன் காதில் சொன்னேன். அவனும் தலையாட்டினான். வாளியில் பாதிக்குமேல் சுண்ணாம்பு இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசினோம். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வெற்றிலை மெல்லுகிறார் என்று நினைத்தேன். வாயில் வெற்றிலைச் சிவப்பு இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

நாங்கள் “ரெண்டு பத்து” என்று சொல்லி நிறுத்தியபோது, அவர் பூட்ஸ் காலால் பெட்டியைத் தள்ளிவிட்டு, என் கைக்கு நேராக வந்து குந்தி உட்கார்ந்தார்.